கொரியப் பள்ளியில் என்னிடம் யாரும் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை

கேள்வி: நான் திருநெல்வேலிப் பக்கம். ஆங்கிலத்தில் எம்.ஏ., பி.எட். முடித்துவிட்டு, போன ஆகஸ்டில் தென்கொரியா வந்தேன். வடக்கு கியோங்சாங் மாகாணத்தில் ஒரு சிற்றூரின் அரசுத் தொடக்கப்பள்ளியில் உதவி ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். பிப்ரவரி வரை நன்றாகப் போனது. என்னோடு வகுப்பெடுத்த கோ-டீச்சர் அக்கா மாதிரி பார்த்துக்கொண்டார். மார்ச்சில் அவர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார். போவதையே கடைசி வாரத்தில்தான் சொன்னார். புதிதாக வந்தவர் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. வகுப்பு ரத்து என்பது நான் வகுப்பறை வாசலில் போய் நின்ற பிறகே தெரிகிறது. ஆசிரியர் அறையில் எல்லோரும் சிரிப்பார்கள், எனக்கு ஒன்றும் புரியாது. முதல் நாளே வயதையும் கல்யாணம் ஆகிவிட்டதா என்பதையும் கேட்டார்கள். நான் மாடும் பன்றியும் சாப்பிட மாட்டேன், பாதி நாள் மதியம் சோறும் கிம்ச்சியும்தான். ஒரு மாணவியின் அம்மா கொடுத்த ஆரஞ்சுப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வைத்தார்கள், கூசிப்போய்விட்டது. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் என் கையைத் தொட்டு ‘ஏன் கறுப்பு?’ என்றான். பெற்றோர் வந்து பார்க்கும் வகுப்பில் மட்டும் என்னை ‘நீங்கள் ஓய்வெடுங்கள்’ என்று விட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மா, மாலையில் தன் மகனுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தால் பணம் தருகிறேன் என்கிறார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறேனா என்று மே கடைசிக்குள் சொல்ல வேண்டும். இவர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லையோ? வீட்டில் சொன்னால் ‘கிளம்பி வந்துவிடு’ என்பார்கள்.

பதில்:

உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். இதே பள்ளிக்கு மார்ச்சில் புதிதாக வந்த ஒரு கொரிய ஆசிரியைக்கும் இது நடந்திருக்குமா? நடந்திருக்கும் என்றால் அது அந்த இடத்தின் வழக்கம், அதற்கு மனதை வருத்திக்கொள்ள வேண்டாம், வழி கண்டுபிடித்தால் போதும். நடந்திருக்காது என்றால் அது உங்களுக்கென்று நடந்தது, அதை விடக்கூடாது. வெளிநாட்டுப் பள்ளிகளுக்குப் போகிறவர்களுக்குப் பயிற்சி தருவதுதான் என் தொழில். அதற்கு முன் கொரியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியிருக்கிறேன். என் அனுபவத்தில், வந்த முதல் வருடத்தில் எல்லோரும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். சிலர் எல்லாவற்றையும் அவமதிப்பு என்று எடுத்துக்கொண்டு வெந்துபோகிறார்கள். வேறு சிலர் எல்லாவற்றையும் ‘அவர்கள் கலாச்சாரம் அப்படி’ என்று விழுங்கிவிடுகிறார்கள். இரண்டாவது ரகத்தைப் பார்த்தால்தான் எனக்கு அதிகக் கவலை.

முதலில் மார்ச் மாதத்துக்கு வருவோம். உங்கள் வருத்தத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

கொரியாவில் கல்வியாண்டு மார்ச் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது. அரசுப் பள்ளி ஆசிரியர் ஒரே பள்ளியில் வேரூன்றி உட்கார முடியாது. பெரும்பாலான இடங்களில் ஐந்தாண்டுக்குள் மாற்றல் வந்துவிடும். எந்தப் பள்ளி என்ற பட்டியல் பிப்ரவரியில்தான் வெளியாகும், மார்ச் 1 முதல் புது இடத்தில் வேலை. புதுப் பள்ளியில் எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்பது அதற்கும் பிறகுதான் முடிவாகும். ஆகவே உங்கள் பழைய கோ-டீச்சர் எதையும் மறைக்கவில்லை. எங்கே போகப் போகிறார் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்திருக்கும். புதிதாக வந்தவருக்கும் இதே கதைதான். தொடக்கப்பள்ளியில் ஆங்கிலப் பாடப் பொறுப்பு ஆண்டுக்கு ஆண்டு கைமாறும். அவர் அதைக் கேட்டு வாங்கினாரா, தலையில் விழுந்ததா என்று உங்களுக்குத் தெரியாது. விழுந்தது என்றால், ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் ஆங்கிலத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற பயத்தில் வாயே திறக்காத கொரிய ஆசிரியர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இலக்கணம் என்னைவிட நன்றாகத் தெரியும், அதுதான் வேடிக்கை.

இன்னொன்றும் உண்டு. கியோங்சாங் வட்டாரப் பேச்சு வெட்டி வெட்டித்தான் வரும். அந்தப் பக்கத்து மனிதர்கள் வாய்விட்டு அன்பு காட்டாதவர்கள் என்று கொரியர்களே கேலி பேசுவார்கள். சியோலிலிருந்து வந்தவருக்கே, பக்கத்து மேசையில் இருவர் சண்டை போடுகிறார்களா, சாப்பாட்டுக்கு எங்கே போவது என்று பேசுகிறார்களா என்ற சந்தேகம் வரும். மதுரைப் பேச்சை முதன்முதலாகக் கேட்கும் வெளியூர்க்காரர் மிரள்வாரே, அந்த மாதிரி.

அந்த ஆசிரியர்களின் களைப்பையும் சேர்த்துப் பாருங்கள். 2023 ஜூலையில் சியோலின் ஒரு தொடக்கப்பள்ளியில் இளம் ஆசிரியை ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பெற்றோர்களின் ஓயாத புகார்கள் பற்றி நாடு முழுக்கப் பேச்சு எழுந்தது. ஆசிரியர்கள் கறுப்பு உடையில் சனிக்கிழமைதோறும் தெருவுக்கு வந்தார்கள். அந்தச் செப்டம்பரிலேயே ஆசிரியர்களின் உரிமையைக் காக்கும் வகையில் நாடாளுமன்றம் சட்டங்களைத் திருத்தியது. சட்டம் மாறினாலும் பயம் சட்டென்று போகாது. மாலையில் உங்கள் கோ-டீச்சர் தொலைபேசியை வைத்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், காரணம் பெரும்பாலும் அந்தத் தொலைபேசியில் இருக்கும்.

சரி, வகுப்பறை வாசல் வரை போய்த் திரும்பி வருவதற்கு என்ன செய்வது? வகுப்பு ரத்தாகும் செய்தி ரகசியமாக வைக்கப்படுவதில்லை. எல்லா ஆசிரியர்களின் கணினியிலும் ஓடும் பள்ளியின் உள் மெசஞ்சரில் காலையிலேயே வந்திருக்கும். கொரிய மொழியில், பத்துச் செய்திகளுக்கு நடுவில் வந்திருக்கும். கோ-டீச்சர் அதைப் படித்துவிட்டு, உங்களுக்கும் வந்திருக்குமே என்று நினைத்திருப்பார், அல்லது மறந்திருப்பார். சில நேரம் க்யோகாம், அதாவது துணைத் தலைமையாசிரியர், பத்து நிமிடம் முன்புதான் முடிவெடுத்திருப்பார். அப்போது எல்லோருமே ஓடுவார்கள். மருத்துவப் பரிசோதனை, தீயணைப்புப் பயிற்சி, விளையாட்டு விழா ஒத்திகை என்று வசந்த காலம் முழுக்க இப்படித்தான் இருக்கும்.

அதனால் அவர் வந்து சொல்வதற்குக் காத்திருக்காதீர்கள். பள்ளிகளில் வாராந்திரத் திட்டம் ஒன்று சுற்றுக்கு விடுவார்கள். வெள்ளிக்கிழமை மதியம் ‘அடுத்த வாரத் திட்டத்தைக் கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டு முழுமைக்குமான நாட்காட்டி பள்ளியின் இணையதளத்தில் இருக்கும். பபாகோ மொழிபெயர்ப்புச் செயலியில் திரையைப் படம் பிடித்தாலே பெரும்பகுதி புரிந்துவிடும். மெசஞ்சர் உங்கள் கணினியில் நிறுவப்பட்டிருக்கிறதா, எல்லோருக்கும் போகும் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல பள்ளிகளில் அது செய்யாமலே விட்டிருப்பார்கள். வெளிநாட்டு ஆசிரியருக்குக் கொரிய மொழி தெரியாதே, எதற்குத் தொந்தரவு என்ற நல்லெண்ணம்! அந்த நல்லெண்ணம்தான் உங்களை வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

கூடவே, எந்தப் பொருளும் தேவைப்படாத நாற்பது நிமிடப் பாடம் நான்கைந்து கைவசம் இருக்கட்டும். ரத்தாவதைப் போலவே திடீரென்று ‘இந்த வகுப்பை நீங்கள் எடுங்கள்’ என்பதும் வரும். கத்தரிக்கோல், கல், காகிதம் என்று கொரியக் குழந்தைகள் கை நீட்டி ஆடும் காவி-பாவி-போ ஒன்றை வைத்துக்கொண்டே பாதி நேரத்தை ஓட்டலாம். யார் முதலில் படிப்பது, யார் எழுந்து போய் ஜன்னலை மூடுவது எல்லாவற்றையும் அவர்கள் அதில்தான் தீர்த்துக்கொள்கிறார்கள், தோற்றவன் முணுமுணுப்பதும் இல்லை. (உறைபனியிலும் ஜன்னலைத் திறந்து வைக்கும் பழக்கம் பற்றிக் கேட்காதீர்கள். ஸ்வெட்டருக்குள் இன்னொரு ஸ்வெட்டர் போடுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.)

வயது, கல்யாணம் பற்றிய கேள்விகளை மூன்றே வரியில் முடித்துவிடலாம். கொரிய மொழியில் எந்த வினைமுடிவைப் போட்டுப் பேசுவது என்பதே யார் மூத்தவர் என்பதைப் பொறுத்தது. 2023 ஜூன் 28 முதல், பிறந்ததுமே ஒரு வயது என்று எண்ணும் பழைய கணக்கை விட்டு, சட்டப்படி உலக வழக்கத்து வயதே செல்லும் என்று ஆக்கிவிட்டார்கள், ஆனாலும் எந்த வருடம் பிறந்தீர்கள் என்று கேட்பதை யாரும் விடவில்லை. கல்யாணக் கேள்விக்கு நெல்லையில் அத்தைமார்களுக்கு என்ன பதில் சொல்வீர்களோ அதையே சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்கு ஓர் உருப்படியான வழி இருக்கிறது. பள்ளியின் மாத உணவுப் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு உணவின் பெயருக்குப் பின்னாலும் சின்னச் சின்ன எண்கள் இருக்கும். அவை ஒவ்வாமை எண்கள், நாடு முழுக்க ஒரே வரிசை. 10 என்றால் பன்றி, 16 என்றால் மாடு, 15 கோழி, 9 இறால், 1 முட்டை. ஒரு எழுத்து கொரியன் தெரியாவிட்டாலும் 10-ஐயும் 16-ஐயும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுவிட்டால் அந்த மாதம் எந்த நாளில் வீட்டிலிருந்து டப்பா கட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும். மீன், கோழி சாப்பிடுவீர்கள் போலிருக்கிறது, அதனால் நீங்கள் தப்பித்தீர்கள். சுத்த சைவக்காரர்களுக்கு இந்த எண்கள் முழுதாக உதவாது. சூப்புக்கு அடிப்படையான நெத்திலிச் சாறு அந்த வரிசையிலேயே கிடையாது, கிம்ச்சியிலும் மீன் சாறோ இறால் ஊறுகாயோ பெரும்பாலும் இருக்கும். எலும்புச் சாறு சேர்த்த சூப்பா என்று சந்தேகம் வந்தால் பள்ளியின் ஊட்டச்சத்து ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள். அப்படி ஒரு பதவியே அங்கே உண்டு, பட்டம் பெற்றவர்கள். ‘எனக்காக எதையும் மாற்ற வேண்டாம், எதில் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்’ என்றால் மகிழ்ச்சியாகவே சொல்வார். கேட்காமல் தட்டில் அப்படியே மிச்சம் வைத்துவிட்டு வருவதுதான் அவர்களை வருத்தும், பிள்ளைகளும் டீச்சர் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆரஞ்சுப் பெட்டிக்கு நீங்கள் கூசவே வேண்டாம். 2016 செப்டம்பர் 28-ஆம் தேதி அமலுக்கு வந்த ஊழல் தடுப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதை முன்மொழிந்த முன்னாள் நீதிபதியின் பெயரால் கிம் யங்-ரான் சட்டம் என்று அழைப்பார்கள். தான் மதிப்பெண் போடும் பிள்ளையிடமிருந்தோ அதன் பெற்றோரிடமிருந்தோ ஆசிரியர் ஒரு கோப்பை காபிகூட வாங்கக்கூடாது என்ற அளவுக்கு அது போகிறது. மே 15 ஆசிரியர் தினம், மன்னர் செஜோங்கின் பிறந்த நாள். அன்றும் மாணவர் பிரதிநிதி ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் தரும் கார்னேஷன் பூ போன்றவற்றுக்குத்தான் அனுமதி. பெட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னவர் உங்களைப் புகாரிலிருந்து காப்பாற்றியிருக்கிறார், கொரிய ஆசிரியையாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். பிள்ளைகள் எழுதித் தரும் கடிதங்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதற்குச் சட்டம் எதுவும் தடை சொல்லவில்லை.

ஆசிரியர் அறைச் சிரிப்பு விஷயத்தில், மொழி தெரியாத இடத்தில் பிறர் சிரித்தால் நம்மைப் பார்த்துத்தான் என்று தோன்றுவது எந்த நாட்டிலும் நடப்பது. உட்கார்ந்து பேசும் இடத்தில் நுழைவது கடினம், கைவேலை இருக்கும் இடத்தில் நுழைவது எளிது. உங்கள் பள்ளியில் வாரத்தில் ஒரு மதியம், பெரும்பாலும் புதன்கிழமை, ஆசிரியர்கள் வாலிபால் ஆடுகிறார்களா என்று பாருங்கள். கொரியப் பள்ளிகளில் நெடுநாளாக உள்ள வழக்கம் அது. ஆடத் தெரியாவிட்டாலும் போய் நில்லுங்கள், பந்து பொறுக்கிப் போடுங்கள். ஆசிரியர்கள் சேர்ந்து இரவு உணவுக்குப் போகும் ஹ்வேசிக் வந்தால் முதல் கடைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, இரண்டாவது கடைக்குக் கிளம்பும்போது விடைபெற்று வந்துவிடலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. அங்கே ஊற்றும் சோஜு என்ற மதுவைக் குடிக்க வேண்டியதில்லை. சைடர் என்று அவர்கள் அழைக்கும் எலுமிச்சை சோடாவை ஊற்றிக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு ஊற்றும்போது இரண்டு கையாலும் ஊற்றுங்கள், அந்த ஒன்றுக்கே முகம் மலர்ந்துவிடுவார்கள். கொரிய எழுத்தான ஹங்குலை இன்னும் படிக்கவில்லை என்றால் இந்த வாரமே தொடங்குங்கள். நம் எழுத்தைக் கற்ற கைக்கு அது சில நாள் வேலைதான், மெசஞ்சரில் உங்கள் பெயர் வருகிறதா என்றாவது தெரியும்.

இனி, உங்களுக்கென்று நடந்தவை.

அந்தப் பையன் கேட்டதற்குக் கோபப்பட வேண்டாம், ஆனால் சிரித்து மழுப்பிவிட்டும் போகாதீர்கள். மூன்றாம் வகுப்பு என்றால் ஆங்கிலப் பாடமே அப்போதுதான் தொடங்குகிறது, 1997 முதல் அங்கே மூன்றாம் வகுப்பிலிருந்துதான் ஆங்கிலம். அவன் வாழ்க்கையில் பார்க்கும் முதல் வெளிநாட்டு ஆசிரியர் அநேகமாக நீங்கள்தான். அந்த வகுப்பில் வேறு யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எனக்கு அதைவிட முக்கியம். கொரியக் கிராமங்களிலும் சிற்றூர்களிலும் திருமணம் செய்துகொண்டு வந்த வியட்நாம், சீன, பிலிப்பைன்ஸ், கம்போடியப் பெண்கள் நிறைய. உங்கள் வகுப்பிலும் அப்படி ஒரு தாயின் பிள்ளை இருக்கும். கறுப்பு என்று உங்களைச் சொன்னபோது அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, டீச்சர் என்ன செய்யப் போகிறார் என்று பார்த்திருக்கும். ஆகவே நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள். ‘எங்கள் ஊரில் வெயில் அதிகம், என் அம்மா அப்பா எல்லோருக்கும் இதே நிறம், எனக்குப் பிடித்த நிறம்’ என்று சொல்லிவிட்டு, நிறங்கள் பற்றிய பாடத்தையே அன்று எடுத்துவிடுங்கள். மறுபடி மறுபடி, கேலியாகக் கேட்கும் பெரிய வகுப்புப் பிள்ளையாக இருந்தால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். அது அவர் பொறுப்பு.

பெற்றோர் வரும் வகுப்பிலிருந்து விலக்கியதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். வேறு காரணம் இருக்க வாய்ப்பு உண்டு. புதிதாக வந்த கோ-டீச்சருக்கு அது அவரைப் பெற்றோர் எடைபோடும் நாள், தனியாக நடத்தலாம் என்று நினைத்திருக்கலாம். ஆனால் இன்னொன்றாகவும் இருக்கலாம். கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கும் இ-2 விசா பொதுவாக ஏழு நாட்டவருக்கு உரியது: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. 2010 ஜனவரி 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தின் வழியாக இந்தியர்களுக்கும் அரசுப் பள்ளி உதவி ஆசிரியர் என்ற கதவு திறந்தது. பல பெற்றோருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. ஆங்கில டீச்சர் என்றால் அவர்கள் மனதில் எழும் முகம் வேறு, அதை எதிர்கொள்ள வேண்டாம் என்று பள்ளி உங்களை ஒதுக்கியிருந்தால் அது சரியில்லை. அந்த ஏழு நாட்டவருக்கு விசா விதிப்படி எந்தப் பாடத்தில் பட்டம் இருந்தாலும் போதும். உங்களிடமோ ஆங்கிலப் பட்டமும் ஆசிரியர் சான்றிதழும் கேட்டுத்தான் உள்ளே விட்டார்கள். தகுதியில் நீங்கள் யாருக்கும் கீழே இல்லை.

எது காரணம் என்று தெரியாமல் ஊகித்துக்கொண்டிருப்பதைவிடக் கோ-டீச்சரிடம் கேட்டுவிடுவதே மேல். எப்படிக் கேட்கிறீர்கள் என்பது முக்கியம். ஆசிரியர் அறையில் நாலு பேர் முன்னால் கேட்டால் அவர் முகத்தைக் காப்பாற்ற ஏதோ ஒன்றைச் சொல்வார், விஷயம் வெளியே வராது. வகுப்பு முடிந்து பிள்ளைகள் துடைப்பத்தோடு வகுப்பறையைப் பெருக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், இரண்டு மிக்ஸ் காபியோடு அவர் மேசைக்குப் போங்கள். ‘ஏன் என்னைச் சேர்க்கவில்லை?’ என்று தொடங்க வேண்டாம். ‘அடுத்த பருவத்தில் பெற்றோர் வந்து பார்க்கும் திறந்த வகுப்பில் நானும் உங்களோடு நடத்த விரும்புகிறேன், இதோ ஒரு பாடத்திட்டம்’ என்று ஒரு தாளை நீட்டுங்கள், கொரிய மொழிபெயர்ப்போடு. தயக்கம் அவருடையது என்றால் அந்தத் தாளைப் பார்த்ததும் நிம்மதி தெரியும். முடிவு மேலிருந்து வந்தது என்றால் ‘க்யோகாமிடம் கேட்க வேண்டும்’ என்பார். அப்படியானால் அவரையும் அழைத்துக்கொண்டு க்யோகாமிடம் போங்கள். அங்கும் மழுப்பல் என்றால், நடந்ததைத் தேதியோடு எழுதி மாகாணக் கல்வி அலுவலகத்தில் உங்களைப் போன்ற ஆசிரியர்களைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்புங்கள். மாகாண அளவில் வேலைக்கு எடுத்தவர்கள் அவர்கள், கேட்பது அவர்கள் கடமை. கோ-டீச்சரைத் தாண்டி முதலிலேயே அங்கே போவது மட்டும் வேண்டாம். சின்ன விஷயமும் அந்த நொடியிலேயே பெரிதாகிவிடும், பிறகு அவரோடுதான் நீங்கள் தினமும் வகுப்புக்குள் போக வேண்டும்.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் இன்றைக்கே முடியாது என்று சொல்லிவிடுங்கள். இதில் யோசிக்க எதுவும் இல்லை. உங்கள் விசா அந்த ஒரு வேலைக்கு மட்டும். தனியார் டியூஷன், அது பணமாக இருந்தாலும் பழமாக இருந்தாலும், சட்டத்துக்குப் புறம்பு. பிடிபட்டால் அபராதம் உண்டு, விசா போய் நாட்டைவிட்டே அனுப்பப்படவும் கூடும். ‘விசா விதி அனுமதிக்கவில்லை’ என்று சொன்னால் கொரியர்கள் புரிந்துகொள்வார்கள், விதி என்றால் அங்கே மறுபேச்சு குறைவு. மற்ற ஆசிரியர்கள் ரகசியமாகச் செய்கிறார்களே என்று யாராவது சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சந்தேகம் எதுவானாலும் குடிவரவுத் துறையின் 1345 எண்ணில் ஆங்கிலத்திலேயே கேட்கலாம்.

புதுப்பிப்பதைப் பற்றி. வீட்டில் என்ன சொன்னாலும் ஆகஸ்டுக்கு முன் கிளம்பாதீர்கள். ஓராண்டை முழுதாக முடித்தால் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் பணிமுடிவுத் தொகையாகச் சட்டப்படி கிடைக்கும், இடையில் விட்டால் அது போகும். புதுப்பிப்பதா என்பதை இந்த மார்ச், ஏப்ரல் அனுபவத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். கொரிய ஆசிரியர்களுக்கே அது ஆண்டின் மிக மோசமான இரண்டு மாதம். மே மாதத்தில் வகுப்பு ஓரளவு தடத்தில் விழுந்துவிடும், மனிதர்களும் கொஞ்சம் மூச்சுவிடுவார்கள்.

மே நடுவில் அந்தக் காபிப் பேச்சை முடித்துவிடுங்கள். அடுத்த பருவத்துத் திறந்த வகுப்பில் உங்களுக்கு இடம் என்று தெளிவான பதில் வந்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் இன்னொரு வருடம் இருப்பேன். இரண்டாவது வருடம் சம்பளத்திலும் மொழியிலும் உங்களுக்கே லாபம். பதில் வராவிட்டால் அதே மாகாணத்தில் வேறு பள்ளிக்கு மாற்றிப் புதுப்பிக்க முடியுமா என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் கோடை விடுமுறையில் முகாம் எத்தனை நாள், பாடமில்லாமல் பள்ளியில் உட்கார வேண்டிய நாள் எத்தனை, ஊருக்கு வர விடுப்பு எப்போது என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளி கொடுத்த அறையின் சுவரில் இந்தக் குளிர்காலத்தில் பூஞ்சை பிடித்திருந்தால் அதைப் படமெடுத்து இப்போதே அனுப்பி வையுங்கள். கையெழுத்தான பிறகு கேட்டால் அடுத்த குளிர்காலம் வந்துவிடும்.